ஜீப்பில் இரண்டு நியூட்ரல் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை

டெக்சாஸின் வடக்கு மூலையில் இருக்கும் அமரில்லோவில் ஒரு மார்ச் மாதம் எட்டு நாள் தனியாகக் கிடந்தேன். காற்று ஒரு நிமிடமும் ஓயாத ஊர் அது. தென்மேற்கிலிருந்து அடித்தால் ஹியர்ஃபோர்டு பக்கத்து மாட்டுப் பட்டிகளின் வாடையையும் சேர்த்துக்கொண்டு வரும். மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் டல்லாஸுக்கு விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு, ஓடும் வீடுகளை நிறுத்தித் தங்கும் ஆர்.வி. பார்க்கில் தயிர் சோறும் ஊறுகாயுமாக உட்கார்ந்து, மெக்கானிக்கின் போனுக்காகக் காத்திருந்தேன். ஜீப்பின் கியர் பாக்ஸ் வெந்து போயிருந்தது. அதை வேகவைத்தவன் நான்தான். ஒரு லீவரை இன்னும் ஒரு படி நகர்த்தாததால் வந்த வினை. முன்பே யாராவது ஐந்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் போதும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை, அதனால் நான் எழுதிவைக்கிறேன்.

முதலில் எங்களிடம் இருந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். 32 அடி நீள மோட்டார்ஹோம், ஃபோர்டு சேஸிஸ், பெட்ரோல் வி-10 எஞ்சின், எங்களுக்கு முன்பே இரண்டு கை மாறியது. வீட்டையே ஓட்டிக்கொண்டு போவதில் ஒரு சிக்கல் உண்டு. போய்ச் சேர்ந்து தண்ணீர், கரண்ட் எல்லாம் இணைத்தபின் பால் வாங்கக்கூட வெளியே போக முடியாது. அதனால் இங்கே பலரும் ஒரு சின்ன வண்டியைப் பின்னால் கட்டி இழுத்துப் போவார்கள், மாட்டுவண்டிக்குப் பின்னால் கன்றுக்குட்டியைக் கட்டிப் போவது மாதிரி. அப்படி இழுபடும் வண்டிக்கு இவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'டோட்', அதாவது தேரை. இழுக்கப்பட்டது என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் காதில் அப்படியே ஒலிப்பதால் வந்த கிண்டல். எங்கள் தேரை 2014 ஜீப் ரேங்ளர், நான்கு கதவு, ஆட்டோமேட்டிக். யூட்டாவில் மோவாப் போய்ப் பாறைப் பாதைகளில் ஓட்ட வேண்டும் என்பது பையனின் பல நாள் ஆசை. அதற்காகவே வாங்கியது.

இழுத்துப் போக மூன்று வழிகள் உண்டு. வண்டியை முழுதாக டிரெய்லர் மேல் ஏற்றலாம். முன் சக்கரம் இரண்டை மட்டும் ஏற்றும் டாலியைப் பயன்படுத்தலாம். நான்கு சக்கரமும் தரையில் உருள, முன்னால் ஒரு இரும்புக் கம்பியால் கோத்து இழுக்கலாம். மூன்றாவதுதான் ஃபிளாட் டோயிங். டிரெய்லரை வைக்க வீட்டில் இடமும் வேண்டும், கேம்ப் கிரவுண்டிலும் இடம் வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியை டாலியில் போடவே கூடாது என்று ரேங்ளரின் கையேடு சொல்கிறது. நான்கும் தரையில், இல்லையென்றால் நான்கும் மேலே. அப்படிப் பார்த்தால் எங்களுக்கு ஃபிளாட் டோயிங்தான் வழி. ரேங்ளர் அதற்குப் பெயர் போன வண்டியும்கூட. அந்த நம்பிக்கையில் நான் கையேட்டின் அந்தப் பக்கத்தைத் தாண்டி வேறு எதையும் படிக்கவில்லை என்பதுதான் கொடுமை.

இரண்டு வண்டியையும் கோக்கும் இரும்புக் கம்பியான டோ பார், ஜீப்பின் முன்பக்கச் சட்டத்தோடு போல்ட் போடும் பேஸ் பிளேட், விளக்குக் கம்பிகள், ஜீப்பின் பிரேக் பெடலைத் தானே அமுக்கும் பிரேக் பெட்டி என்று எல்லாம் வாங்கி மாட்டினேன். அந்த அளவுக்குக் கவனமாகத்தான் இருந்தேன். எடைக் கணக்கும் பார்த்தேன். மோட்டார்ஹோமின் ஸ்டிக்கரில், பின்னால் இழுப்பதையும் சேர்த்து மொத்தம் 23,000 பவுண்டு வரை என்று இருந்தது. டிரக் ஸ்டாப் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது ஜீப்போடு சேர்த்து 21,900. டோ பாரை மாட்ட மோட்டார்ஹோமின் பின்னால் இருக்கும் ஹிட்ச்சின் வரம்பு 5,000, ஜீப் 4,300. இந்த இடத்தில் எல்லோரும் பார்க்க மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஹிட்ச், டோ பார், பேஸ் பிளேட் மூன்றிலும் எது குறைவான எடைக்குச் செய்யப்பட்டதோ அதுதான் உங்கள் உண்மையான வரம்பு. பத்தாயிரம் பவுண்டு தாங்கும் டோ பார் வாங்கிவிட்டேன் என்று பெருமைப்படுவதில் பயனில்லை. இன்னொன்று, தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு எடைமேடை ஏறுங்கள். காலித் தொட்டியோடு எடுத்த எடை ஊருக்குப் போகும் எடை ஆகாது.

சரி, இனி என் தவறுக்கு வருகிறேன். எங்கள் வட்டத்தில் ஃபிளாட் டோயிங் செய்த ஒரே தமிழர் ஒரு அண்ணா. 2013 ஹோண்டா சிஆர்-வி வைத்திருந்தார். எப்படிப் போடணும் அண்ணா என்று கேட்டதற்கு, "நியூட்ரல்ல போடு, ஹேண்ட் பிரேக்கை எடு, ஸ்டீயரிங் பூட்டாம பாத்துக்கோ, அவ்ளோதான்" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவருடைய வண்டிக்கு அதுதான் முறை. எஞ்சினை ஓடவிட்டு, கியரை டிரைவுக்குக் கொண்டுபோய், நியூட்ரலுக்கு வந்து, மூன்று நிமிடம் விட்டு அணைத்து அப்படியே இழுக்கலாம். அந்தக் காலத்து ஹோண்டாவின் கியர் பாக்ஸ் அமைப்பு அதைத் தாங்கும். அதே சிஆர்-வியில் 2015 முதல் சிவிடி என்ற வேறு வகை கியர் பாக்ஸ் வந்துவிட்டது, அதை இழுக்கவே கூடாது. ஒரே பெயர், ஒரே உருவம், ஒரு வருட வித்தியாசத்தில் விதி தலைகீழ். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. எல்லா வண்டிக்கும் நியூட்ரல் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

ரேங்ளரில் இரண்டு நியூட்ரல் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த கியர் லீவரில் இருக்கும் 'என்'. இன்னொன்று அதன் பக்கத்தில் இருக்கும் குட்டி லீவரில், அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸில். அந்தக் குட்டி லீவரில் வரிசையாக 2 ஹை, 4 ஹை, நியூட்ரல், 4 லோ என்று நான்கு நிலைகள். எண், எஞ்சின் எத்தனை சக்கரத்தை ஓட்டுகிறது என்பது; லோ என்றால் மெதுவாக, பலமாக. கியர் பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுப்பது டிரான்ஸ்ஃபர் கேஸ். அதை நியூட்ரலில் போட்டால் சக்கரங்களுக்கும் கியர் பாக்ஸுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். சக்கரம் எத்தனை ஆயிரம் மைல் உருண்டாலும் கியர் பாக்ஸ் தூங்கிக்கொண்டிருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் எண்ணெய் பம்பு பின் அச்சுக்குப் போகும் தண்டோடு சேர்ந்து சுழல்வதால் அதற்கு வேண்டிய எண்ணெய் தானாகக் கிடைத்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் அப்படி இல்லை. அதன் பம்பை எஞ்சின்தான் சுழற்ற வேண்டும். எஞ்சின் அணைந்திருக்கும்போது சக்கரம் வழியாகப் பின்னாலிருந்து சுழற்றினால், உள்ளே எல்லாம் எண்ணெய் இல்லாமல் உரசிக்கொண்டே சுற்றும். கியர் லீவர் நியூட்ரலில் இருந்தாலும் இதேதான்.

நான் என்ன செய்தேன்? கியர் லீவரை 'என்'னில் போட்டேன். குட்டி லீவரையும் நியூட்ரலுக்கு நகர்த்தினேன், அல்லது நகர்த்திவிட்டதாக நினைத்தேன். அது ரொம்பவே முரட்டு லீவர். ஒரு 'டக்' கேட்டதும் விட்டுவிட்டேன். அந்த டக் 2 ஹையிலிருந்து 4 ஹைக்குப் போன சத்தம். டாஷ்போர்டில் ஃபோர் வீல் டிரைவ் விளக்கு எரிந்திருக்கும், நான் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்கியாயிற்று. பிறகு பையனைக் கூப்பிட்டு இருவருமாகத் தள்ளிப் பார்த்தோம். வண்டி அழகாக நகர்ந்தது. நகரத்தானே செய்யும், கியர் பாக்ஸ் நியூட்ரலில் இருக்கிறதே! என் சோதனையே என்னை ஏமாற்றியது. இந்த இடத்தை மட்டும் நன்றாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள். தள்ளிப் பார்ப்பது ரேங்ளருக்குச் சோதனையே கிடையாது.

கையேட்டில் சொல்லியிருக்கும் முறை இது. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே ஹேண்ட் பிரேக் போட வேண்டும். காலால் பிரேக்கை மிதித்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலுக்கு மாற்ற வேண்டும். அதன்பின் கியரை ரிவர்ஸில் போட்டு பிரேக்குகளை விட்டுப் பார்க்க வேண்டும். வண்டி அசையக் கூடாது. டிரைவில் போட்டும் அதே மாதிரி பார்க்க வேண்டும். இரண்டிலும் அசையாமல் நின்றால்தான் டிரான்ஸ்ஃபர் கேஸ் உண்மையிலேயே நியூட்ரலில் இருக்கிறது. அப்புறம் எஞ்சினை அணைத்து, கியர் லீவரைப் பார்க்கில் வைக்க வேண்டும். ஆமாம், பார்க்கில். மேனுவல் வண்டி என்றால் ஏதாவது ஒரு கியரில். கடைசியாக டோ பாரோடு கோத்தபின் ஹேண்ட் பிரேக்கை எடுக்க வேண்டும். இழுத்துப் போகும் வண்டியை யாராவது பார்க்கில் வைப்பார்களா என்று எனக்கும் முதலில் விசித்திரமாகத்தான் இருந்தது. அமரில்லோ மெக்கானிக் பெரியவர்தான் புரியவைத்தார். பார்க் என்பது சாட்சி மாதிரி. டிரான்ஸ்ஃபர் கேஸ் சரியாக நியூட்ரலில் இல்லையென்றால், பார்க்கில் வைத்த வண்டி முதல் பத்தடியிலேயே சக்கரம் சுற்றாமல் தரையில் தேய்ந்து கத்தும். உடனே நிறுத்திவிடலாம். நான் கியரை நியூட்ரலில் வைத்ததால் அந்தச் சாட்சியின் வாயை நானே கட்டிவிட்டேன்.

எச்சரிக்கை வராமலும் இல்லை. டல்லாஸிலிருந்து கிளம்பி டிகேட்டரில் பெட்ரோல் போட வளைந்து உள்ளே திரும்பியபோது பின்னால் டயர் கீச்சிட்டது. 4 ஹையில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும், வளைவில் அது முடியாது என்பதால் டயர் வழுக்கிய சத்தம். நான் தரை வழவழப்பு என்று நினைத்துக்கொண்டேன். விச்சிட்டா ஃபால்ஸில் டீ குடிக்க நிறுத்தினோம், இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. சில்ட்ரஸில் ஏதோ கருகிய வாடை வந்தது. முன்னால் நின்ற டிரக் என்று முடிவு கட்டினேன். 287 நெடுஞ்சாலை அங்கே நேராகக் கோடு போட்ட மாதிரி போகும், திருப்பம் இல்லாததால் கீச்சும் இல்லை. அமரில்லோவில் நிறுத்தியபோது பையன்தான் முதலில் பார்த்தான். "அப்பா, ஜீப்புக்கு அடியில ரத்தம் மாதிரி ஏதோ சொட்டுது." கியர் பாக்ஸ் எண்ணெய், கருஞ்சிவப்பு, தொட்டுப் பார்த்தால் கருகிய நாற்றம். கழற்றி ஸ்டார்ட் செய்து டிரைவில் போட்டேன். எஞ்சின் உறுமியது, வண்டி நின்ற இடத்தில் நின்றது. சுமார் 360 மைல் அதை அப்படியே இழுத்து வந்திருக்கிறேன்.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணத்தைவிட, பையன் எதுவும் கேட்காமல் இருந்ததுதான் உறுத்தியது. மறுநாள் அவர்களை அனுப்பினேன். விடுமுறை ஒரே வாரம், அதை அமரில்லோவில் கழிக்க யாருக்கும் மனமில்லை. கணக்கு இது: கியர் பாக்ஸ் பிரித்துப் புதுப்பிக்க 3,850 டாலர், டிரான்ஸ்ஃபர் கேஸைச் சோதித்து எண்ணெய் மாற்ற 180, எட்டு இரவு ஆர்.வி. பார்க் 384, மூன்று விமான டிக்கெட் 516, மோவாபில் திரும்பி வராத முன்பணம் 260. கூட்டினால் 5,190. இதில் சம்பளம் இல்லாமல் எடுத்த நான்கு நாள் விடுப்பைச் சேர்க்கவில்லை. இதைவிட மோசமாகவும் நடக்கலாம் என்று மெக்கானிக் ஆறுதல் சொன்னார். மேனுவல் கியர் ரேங்ளரை 4 லோவில், முதல் கியரில் விட்டு இழுத்தால் என்ன ஆகும் என்று அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரூபிகான் மாடலில் அந்த நிலையில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் சுமார் 73 சுற்று சுற்ற வேண்டும். 60 மைல் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்றுக்கு மேல். பெருக்கினால் 40,000 தாண்டும், எஞ்சின் தாங்குவது ஏழாயிரத்துக்குள். பானட்டைப் பிய்த்துக்கொண்டு பிஸ்டன் வெளியே வரும்.

நீங்கள் இனிமேல்தான் வண்டி வாங்கப்போகிறீர்கள் என்றால், ஃபோர் வீல் டிரைவ் என்று பின்னால் எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஜீப் கிராண்ட் செரோக்கியிலேயே லோ ரேஞ்ச் இல்லாத குவாட்ரா-டிராக் 1 என்ற ஃபோர் வீல் அமைப்பு வந்தால் இழுக்கக் கூடாது, லோ ரேஞ்ச் உள்ள குவாட்ரா-டிராக் 2 என்றால் இழுக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி. வாங்கும் வருடத்தின், வாங்கும் மாடலின் கையேட்டில் 'ரெக்ரியேஷனல் டோயிங்' என்ற பகுதியைத் தேடிப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். விற்பனையாளர் தலையாட்டுவதையோ, என்னைப் போன்ற ஒருவன் எழுதுவதையோ நம்பி வாங்க வேண்டாம்.

அந்த அக்டோபரில் மறுபடி கிளம்பினோம். இந்த முறை ரிவர்ஸ், டிரைவ், பார்க் எல்லாம் சரியாகப் பார்த்தேன். கிளம்பி ஐந்து மைலில் நிறுத்தி நான்கு சக்கரத்தின் நடுவிலும் கை வைத்துச் சூடு பார்த்தேன். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டோ பாரைக் கோக்கும் பின்கள் எல்லாம் மாட்டியிருக்கின்றனவா, பாதுகாப்புச் சங்கிலிகள் டோ பாருக்கு அடியில் குறுக்காகப் போகின்றனவா, பிரேக்அவே கம்பி தனியாக இருக்கிறதா என்றும் பார்த்தேன். பிரேக்அவே என்பது ஜீப் கழன்றுகொண்டால் ஒரு பின்னை உருவிவிட்டு ஜீப்பின் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கும் கம்பி. அதைச் சங்கிலியோடு சேர்த்துக் கட்டிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சங்கிலி அறுந்தால் அதுவும் போய்விடும், அதை வைத்ததன் அர்த்தமே போய்விடும்.

ஆனாலும் ஒன்றை விட்டுவிட்டேன். ரேங்ளரில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்க சாவியை உள்ளேயே வைத்து, பூட்டு நிலையிலிருந்து ஒரு படி திருப்பி வைக்க வேண்டும். ஸ்டீயரிங் பூட்டினால் வளைவில் முன் சக்கரம் திரும்பாமல் டயரும் டோ பாரும் போய்விடும். அந்தச் சாவி நிலையில் சில மின்சுற்றுகள் விழித்தபடியே இருக்கும். அதோடு ஜீப்புக்குள் பிரேக் பெடல் மேல் வைத்த பெட்டியும் அதே பேட்டரியைத்தான் குடிக்கும். அமரில்லோவில் ஓர் இரவு தங்கி, கழற்றாமலே மறுநாள் டுகும்காரி, சாண்டா ரோசா தாண்டி ஐ-40ல் போனபோது பெட்டியின் மானிட்டர் 'பீப் பீப்' என்றது. சத்தம் தாங்காமல் நான் அதன் ஒலியைக் குறைத்துவிட்டேன். அல்புகர்க்கிக்கு முன்னால் செடில்லோ மேடு வரும். அங்கிருந்து டிஹேராஸ் பள்ளத்தாக்கு வழியாக ஊருக்குள் இறங்குவதற்குள் சுமார் இரண்டாயிரம் அடி சரிவு. பாதி இறக்கத்தில் பிரேக் மிதித்தால் மெத்தையை மிதிப்பது போல் இருந்தது. ஜீப்பின் பேட்டரி செத்துவிட்டது, அதன் பிரேக் வேலை செய்யவில்லை, 4,300 பவுண்டும் என் முதுகில்.

பாரம் இழுக்கும்போது பயன்படுத்தும் டோ/ஹால் பொத்தானை அமுக்கி, கியரைக் குறைத்து, எஞ்சின் கத்தட்டும் என்று விட்டு, விட்டு விட்டுப் பிரேக் மிதித்து ஒரு வழியாக ஓரம் கட்டினேன். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, கைப்பிடியை மட்டும் விடவில்லை. அரை மணி நேரம் சக்கரம் ஆறும்வரை நின்றோம். அல்புகர்க்கியில் 120 டாலருக்கு ஒரு சார்ஜ் லைன் போட்டேன், மோட்டார்ஹோமிலிருந்து ஜீப்பின் பேட்டரிக்கு ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் ஊட்டும் கம்பி. அதை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டால் போச்சு என்று சிலர் சொல்வார்கள், சரிதான், அப்போது பிரேக் பெட்டிக்கு யார் கரண்ட் கொடுப்பது? பிரேக் பெட்டி இல்லாமலே ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். இழுபடும் எடை 3,000 பவுண்டைத் தாண்டினால் அதற்கெனப் பிரேக் வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டம், சில இடங்களில் வரம்பு இன்னும் குறைவு. சட்டத்தை விடுங்கள், அந்த மேட்டில் இறங்கிப் பார்த்தவன் பிரேக் இல்லாமல் கிளம்ப மாட்டான். இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுவது என் இப்போதைய பழக்கம். வேகம் பிடித்தபின் குறைக்க நினைத்தால் நேரம் கடந்திருக்கும். கலிஃபோர்னியா பக்கம் போனால், பின்னால் எதையாவது இழுக்கும் வண்டிக்கு உச்ச வேகம் 55 மைல் என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொரு செலவு சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மோவாபுக்கு முன்னால், மான்டிசெல்லோவில் ஒரு பெட்ரோல் பங்கில் தவறான வழியில் நுழைந்துவிட்டேன். பின்னால் நாலு அடி எடுத்தால் போதும் என்று ரிவர்ஸ் எடுத்தேன். டோ பாரில் கட்டிய வண்டியோடு ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. முன் சக்கரங்கள் தம் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் மடங்கிக்கொள்ளும், நீங்கள் தள்ளும் பலம் முழுக்க டோ பாரின் கைகள் மேல் போகும். ஒரு கை வளைந்தது, 310 டாலர். கழற்றி, இரண்டு வண்டியையும் தனித்தனியாக எடுத்து, மறுபடி கோக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடச் சோம்பலுக்கு 310. இப்போதெல்லாம் பங்குக்குள் நுழையும் முன் வெளியே வரும் வழி தெரிகிறதா என்று மனைவிதான் பார்த்துச் சொல்கிறார். நேராக நுழைந்து நேராக வெளியே வரக்கூடிய வரிசை இருந்தால் அதையே எடுக்கிறோம். கழற்றும்போதும் இரண்டு வண்டியும் நேர்கோட்டில் நிற்க வேண்டும், கோணலாக நின்றால் பின்னை உருவவே முடியாது, சுத்தியலால் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

மோவாபில் பக்கத்து இடத்தில் தங்கியிருந்த ஓய்வு பெற்ற தம்பதி தங்கள் தேரையின் ஒரு சக்கரத்தைக் காட்டினார்கள். டயர் இருந்த இடத்தில் ரப்பர் நூல்கள், ரிம் பாதி தேய்ந்திருந்தது. டயர் எப்போது போனது என்றே தெரியாதாம், பின்னால் வந்த டிரக் ஓட்டுநர் விளக்குப் போட்டுக் காட்டியபோதுதான் நிறுத்தினார்களாம். 32 அடி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. இழுபடும் வண்டியின் நான்கு டயருக்கும் அழுத்தம் காட்டும் சென்சார் போட்டு, திரையை டிரைவர் முன்னால் வைத்துவிடுங்கள். பின்பக்கக் கேமராவை ஓட்டும்போதும் அணைக்காமல் வைத்திருப்பது அதைவிட மலிவு, ஜீப் நேராக வருகிறதா, புகை வருகிறதா என்றாவது தெரியும். ரேங்ளருக்கு முன்னால் ஒரே முழு அச்சு என்பதால், அந்த அச்சைப் பிடித்திருக்கும் டிராக் பாரின் போல்ட்டோ, சக்கரம் திரும்பும் பால் ஜாயின்ட்டோ தளர்ந்திருந்தால் மேடு பள்ளத்தில் முன் சக்கரங்கள் வெறி பிடித்தது மாதிரி ஆடும். அதையும் கேமராவில்தான் பார்க்க முடியும். என் ஜீப்பை முந்தைய உரிமையாளர் கொஞ்சம் உயர்த்தியிருந்தார். மோட்டார்ஹோமின் ஹிட்ச்சுக்கும் ஜீப்பின் பேஸ் பிளேட்டுக்கும் உயர வித்தியாசம் சில அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. டோ பார் தரைக்கு இணையாக நிற்க ஒரு அடாப்டர் போட வேண்டியிருந்தது, அது பெரிய செலவில்லை.

மோவாபில் பையன் ஆசைப்பட்ட பாதையில் ஓட்டினோம், அது வேறு கதை. இப்போது ஜீப்பைக் கோக்கும் வேலையை அவனிடம் விட்டுவிட்டேன். எஞ்சின் ஓட, ரிவர்ஸில் போட்டு "அசையல", டிரைவில் போட்டு "அசையல", கடைசியில் "பார்க்ல இருக்கு, ஹேண்ட் பிரேக் எடுத்தாச்சு, சாவி உள்ள" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் வெளியே நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வேன். கூச்சமாக இருக்கிறது என்று முனகுவான், ஆனாலும் சொல்லிவிடுவான்.

போன மாதம் அந்த சிஆர்-வி அண்ணா அழைத்தார். அவரும் ஒரு ரேங்ளர் வாங்கியிருக்கிறாராம், அடுத்த வாரம் கொலராடோ போகிறாராம். கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பிவைத்தேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "படிக்க நேரம் இல்லப்பா, நியூட்ரல்தானே?" உடனே போனை எடுத்து அழைத்தேன்.